விற்பதை மறந்த ஜன்னல்கள்: நியூயார்க், பாரிஸ், லண்டன் கிறிஸ்துமஸ் டிஸ்ப்ளேக்கள் ஒரு மதிப்பீடு

நவம்பர் நடுவில் திரை விலகும். புத்தாண்டு கழிந்த கையோடு எல்லாவற்றையும் பிரித்துக் கட்டிவிடுவார்கள். மொத்தம் ஆறேழு வாரம், அதற்குள் பார்த்தால் உண்டு. அடுத்த வருடம் அதே கடையும் அதே கண்ணாடியும் இருக்கும், உள்ளே இருப்பது முழுக்க வேறு. டிக்கெட் கிடையாது, கடைக்குள் கால் வைக்க வேண்டியதுகூட இல்லை. இருந்தும் பார்த்துவிட்டு வரும் பலர் சொல்வது, "பின்னந்தலைகள்தான் தெரிந்தன" என்று. பெரும்பாலும் குறை ஜன்னலில் இல்லை, போன நேரத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறோம். முதலில், எதை வைத்து எடை போடுவது என்பதைச் சொல்லிவிடலாம்.

கடை ஜன்னல் விற்பதற்காகப் பிறந்த பொருள். 1874ல் நியூயார்க் 14ஆம் தெருவில் இருந்த மேசிஸ் கடை, பல நாட்டுப் பீங்கான் பொம்மைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிக் காட்டியது. பெரிய கடைகளின் கிறிஸ்துமஸ் ஜன்னல் வழக்கத்தை அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். 64 வருடம் கழித்து, 1938ல், ஃபிஃப்த் அவென்யூவில் லார்ட் அண்ட் டெய்லர் கடை இதைத் தலைகீழாகப் புரட்டியது. ஜன்னலில் ஒரு கோட்டு இல்லை, ஒரு விலைச்சீட்டு இல்லை. தங்க நிறப் பெரிய மணிகள் ஆடிக்கொண்டிருந்தன, பதிவுசெய்த மணியோசை நடைபாதையில் கேட்டது. அவ்வளவுதான். சரக்கே இல்லாத ஜன்னல் முன்னால் கூட்டம் நிற்கும் என்று மற்ற கடைகள் தெரிந்துகொண்டன.

அந்தக் கடைக்கு இப்படி விளையாடத் தோதான ஒரு வசதி இருந்தது. 1914ல் கட்டிய அந்தக் கட்டடத்தில் ஜன்னல் மேடைகளே ஹைட்ராலிக் லிஃப்டின் மேல் நின்றன. மேடையை அப்படியே அடித்தளத்துக்கு இறக்கி, அங்கே நிதானமாக அலங்கரித்து, தெரு அடங்கிய பிறகு மேலே ஏற்றிவிடலாம். இந்த வசதி இல்லாத கடைகளில் அலங்காரக்காரர்கள் ஆளுயரக் கண்ணாடிக்கும் பின்சுவருக்கும் நடுவே, தரையில் தடம் விழாமல் இருக்க ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு ஊர்ந்து வேலை செய்வார்கள். லார்ட் அண்ட் டெய்லரின் அந்தக் கிளை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அதன் பெயர் இருக்கும், தேடிப் போக வேண்டாம்.

ஆக, இந்த மதிப்பீட்டில் எல்லா ஊருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஜன்னல் எந்த அளவுக்கு விற்பதை மறந்திருக்கிறது?

எப்போது போவது

கண்ணாடியின் குணம் எளிது. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம்தான் அதில் தெரியும். பகல் வெளிச்சத்தில் தெருதான் ஜெயிக்கும்: உங்கள் ஜாக்கெட், எதிர்க் கட்டடம், மஞ்சள் டாக்ஸி எல்லாம் பொம்மையின் முகத்தில் ஓடும். இருட்டினால்தான் உள்விளக்கு மேலோங்கும். டிசம்பர் நடுவில் லண்டனில் சூரியன் மாலை 3.50க்கே மறைந்துவிடும், நியூயார்க்கில் 4.30, பாரிஸில் 4.55 வாக்கில். அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் ஜன்னல் முழுதாகத் திறந்துகொள்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஆபீஸ் விட்ட கூட்டமும் கடைக்கு வரும் கூட்டமும் சுற்றுலாக் கூட்டமும் சேர்வதும் அதே நேரத்தில்தான். சனிக்கிழமை மாலை 5லிருந்து 8 வரை, நியூயார்க்கின் பெரிய கிறிஸ்துமஸ் மரம் நிற்கும் ராக்ஃபெல்லர் சென்டர் பக்கம் போவதற்குப் போகாமலே இருக்கலாம். நடைபாதையில் இரும்புத் தடுப்பு போட்டு ஒரே திசையில் நகர்த்துவார்கள். நின்று பார்க்க விடமாட்டார்கள். திரும்பி வரவும் முடியாது.

கடை மூடிய பிறகும் ஜன்னல் விளக்கு எரியும். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவதொரு நாள் இரவு 9.30க்குப் பிறகு போவது நல்லது. அதைவிட நல்லது விடியலுக்கு முன். டிசம்பரில் நியூயார்க்கில் சூரியன் எழ 7.10 ஆகிவிடும். ராக்ஃபெல்லர் மரத்தின் விளக்குகளை வழக்கமாகக் காலை 5 மணிக்கே போட்டுவிடுகிறார்கள். ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் அங்கே இருப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்கள், நாயோடு நடப்பவர்கள், கல்யாண ஜோடியைப் படம் பிடிக்கும் ஓரிரு போட்டோகிராஃபர்கள், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வந்து முதல் இரண்டு நாள் நேர மாற்றத்தால் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பவர்களுக்கு இது வரம்.

வாரத்தைப் பொறுத்தும் தரம் மாறும். அசையும் பொம்மை உள்ள ஜன்னலை முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். பத்து வினாடிக்கு ஒருமுறை கையைத் தூக்கும் பொம்மை நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால், ஒரு நாளில் 5,760 முறை தூக்குகிறது. 45 நாளில் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. நூல் தேயும், மோட்டார் தண்டைப் பிடித்திருக்கும் திருகு தளரும், துணி உரசி முட்டி இறுகும். டிசம்பர் கடைசியில் கரடி ஒன்று கையைப் பாதியில் தூக்கியபடி நிற்பதைப் பார்த்தால் அது நடிப்பு அல்ல. மறுநாள் காலை கடை திறக்கும் முன், பின்சுவரிலுள்ள சின்னக் கதவு வழியாக யாராவது புகுந்து சரி செய்வார்கள். செய்யாமலும் போகலாம்.

நியூயார்க்

கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலிடம் இந்த ஊருக்குத்தான்.

நடையை வடக்கிலிருந்து தெற்காக வைத்துக்கொள்ளுங்கள். லெக்ஸிங்டன் அவென்யூ 59ஆம் தெரு சப்வே நிலையத்தில் ஏறி வந்தால் தலைக்கு மேலேயே ப்ளூமிங்டேல்ஸ் கடை. அங்கிருந்து மேற்கே 600 மீட்டர் நடந்தால் ஃபிஃப்த் அவென்யூவில், 58ஆம் தெரு முனையில், பெர்க்டார்ஃப் குட்மேன். பிறகு அவென்யூ வழியே கீழிறங்க வேண்டியதுதான்: 57ல் டிஃபனி நகைக்கடை, 52ல் சிவப்பு ரிப்பன் கட்டிய கார்த்தியே நகைக்கடைக் கட்டடம், 49க்கும் 50க்கும் நடுவில் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ என்ற கடை, எதிரே ராக்ஃபெல்லர் சென்டர். கடைசியாக 34ஆம் தெருவில் மேசிஸ். மன்ஹாட்டனில் வடக்கு தெற்காக இருபது தெரு ஒரு மைல் என்பது ஊர்க்கணக்கு. மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், நின்று நிதானமாகப் பார்த்தால் மூன்று மணி நேரம். தெற்கிலிருந்து தொடங்கினால் மிகச் சிறந்த ஜன்னல் கடைசியில் வரும், கால் ஓய்ந்து கண்ணும் சலித்திருக்கும். ஆகவே வடக்கிலிருந்து.

பெர்க்டார்ஃப் முன்னால் மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டேவிட் ஹோயி என்பவரின் தலைமையில் பல வருடமாக நடக்கும் வேலை இது. ஒரு கிறிஸ்துமஸ் முடிந்ததுமே அடுத்ததற்கான திட்டம் தொடங்கிவிடும். ஒவ்வொரு வருடமும் ஒரு கரு, அதற்குள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பொருள் அல்லது ஒரு நிறம் என்று கட்டுப்பாடு. 2011ல் கரு விலங்குகள். ஒரு ஜன்னல் முழுக்கப் பித்தளை விலங்குகள், இன்னொன்று மொசைக்கில் இழைத்த கடலடி, வேறொன்று வெள்ளைக்குள் வெள்ளையாகப் பனிக்கரடி. 2018ல் தின்பண்டம், 2019ல் விளையாட்டு. நடுவில் விலையுயர்ந்த கவுன் ஒன்றைப் போட்ட துணிக்கடைப் பொம்மை நிற்கத்தான் செய்யும். ஆனால் கண் அதன் மேல் கடைசியாகத்தான் போய் விழும்.

இந்த ஜன்னல்களைப் பார்க்கும் முறை உண்டு. முதலில் நடைபாதையின் வெளி ஓரத்தில், நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, முழுச் சட்டத்தையும் ஒரு நாடக மேடையாகப் பாருங்கள். பிறகு கண்ணாடியை ஒட்டி வந்து மேல் மூலை, பக்கச் சுவர், தரை என்று போங்கள். சாதாரணக் கடை ஜன்னலில் மேல்கூரை கறுப்பு பெயின்ட், தரை ஒரு பலகை, அதோடு சரி. இங்கே கூரையிலும் வேலை இருக்கும். பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பூச்சியின் இறக்கை கத்தரித்த காகிதமா, தகடா, மணியா என்று கண்டுபிடிக்க மூக்கு கண்ணாடியில் படும். விளக்கு எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். சட்டத்தின் உள்விளிம்பில், உங்கள் கண்ணுக்குப் படாத கோணத்தில் வரிசையாக ஒளித்திருப்பார்கள். பல்பு நேராகக் கண்ணில் குத்தினால் அது அவசர வேலை. இந்த ஒரு சோதனையை வைத்தே எந்த ஊர் ஜன்னலையும் தரம் பிரித்துவிடலாம்.

டிஃபனியின் பாணி வேறு. சின்னச் சின்னப் பெட்டி ஜன்னல்கள். 1955லிருந்து 1994 வரை அவற்றை அமைத்த ஜீன் மூர், வைரத்துக்குப் பக்கத்தில் முட்டை, நூல்கண்டு என்று கையில் கிடைத்ததை வைத்தவர். பின்னால் புகழ்பெற்ற ஓவியர்களான ஜாஸ்பர் ஜான்ஸும் ராபர்ட் ரவுஷென்பெர்க்கும் பேர் எடுப்பதற்கு முன் வேறு பெயரில் அவருக்கு ஜன்னல் வேலை செய்து கொடுத்திருக்கிறார்கள். இப்போதைய கிறிஸ்துமஸ் ஜன்னல்களும் அழகுதான். ஆனால் பெட்டி சிறியது என்பதால் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் பார்க்க முடியாது, வரிசை மெதுவாகத்தான் நகரும். ஐந்து நிமிடம் போதும்.

சாக்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டட முகப்பு முழுக்க இசையோடு விளக்குகள் ஆடும் காட்சி பல வருடம் நடந்ததால், அது நிரந்தரம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். 2024ல் அது நடக்கவில்லை, முகப்பு விளக்கு அலங்காரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தந்த வருடம் உண்டா என்று பார்த்துவிட்டே திட்டம் போடுங்கள். நடக்கும் வருடமாக இருந்தால் கடையை ஒட்டி நிற்காதீர்கள், அண்ணாந்து கழுத்துதான் வலிக்கும். எதிர்ப்பக்கம், சேனல் கார்டன்ஸ் வாசலில் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் பெயருள்ள கட்டடத்துக்கும் பிரெஞ்சுப் பெயருள்ள கட்டடத்துக்கும் நடுவில் ஓடுவதால் அந்தச் சந்துக்கு, இரு நாட்டுக்கும் நடுவிலுள்ள கடலின் பெயரையே எடுத்து 'சேனல்' என்று பெயர் வைத்த குசும்பு யாருடையதோ. அங்கே எக்காளம் ஊதும் பன்னிரண்டு கம்பித் தேவதைகள் 1955லிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகின்றன, வாலரி கிளேர்போ என்ற சிற்பி செய்தவை. எல்லோரும் மரத்தைப் பார்க்க ஓடுவதால் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் போய்க் கம்பியின் வளைவைப் பாருங்கள், வெறும் கம்பிதான், ஆனால் இறக்கைக்குக் கனம் இருக்கிறது.

மரம்: நார்வே ஸ்ப்ரூஸ், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்கு, உச்சியில் 2018லிருந்து கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த, சுமார் 400 கிலோ எடையுள்ள படிக நட்சத்திரம். மாலை ஏழு மணிக்குப் பார்த்தால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், காலை ஐந்தரைக்குப் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து. மரம் அதேதான். ஜன்னல்கள் போன பிறகும் ஜனவரியில் சில நாள் நிற்கும் என்பதால், தாமதமாக வந்தவர்களுக்கு இது ஒன்றாவது மிஞ்சும்.

49லிருந்து 34 வரை பெரிதாக ஒன்றுமில்லை. 42ஆம் தெரு நூலக வாசலில் இரண்டு கல் சிங்கங்களுக்கும் கழுத்தில் பச்சை மாலை போட்டிருப்பார்கள், பார்த்துக்கொண்டே போகலாம். அதற்குப் பின்புறம் பிரையன்ட் பார்க். அங்குள்ள பொதுக் கழிப்பறை சுத்தத்துக்குப் பேர்போனது. குளிரில் மூன்று மணி நேர நடைக்கு இந்தத் தகவல் எந்த ஜன்னலையும்விட உதவும்.

மேசிஸ் ஜன்னல்கள் ப்ராட்வே பக்கம். குழந்தைகளுக்காகச் செய்தவை, தாழ்வாக, பளிச்சென்று, பொத்தானைத் தொட்டால் ஏதாவது நடக்கும் வகையில் இருப்பதுண்டு. பெர்க்டார்ஃபின் நுணுக்கத்தைப் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் ஜிகினா தூக்கலாகத் தெரியும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையோடு போனால் தீர்ப்பு மாறும், அந்தப் பிள்ளைக்குப் பெர்க்டார்ஃபில் ஒன்றும் புரியாது. சாண்டாவைச் சந்திக்கும் எட்டாம் தளத்து சாண்டாலேண்டுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் நேரம் எடுக்க வேண்டும், சும்மா போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். மேலே போகும்போது பழைய மர எஸ்கலேட்டரில் ஒரு தளமாவது ஏறுங்கள். படி கடகடக்கும் சத்தமே தனி.

பாரிஸ்

அசைவுக்கு முதலிடம் பாரிஸ்.

1909ல் லெ பான் மார்ஷே கடை, வட துருவப் பயணத்தைக் கருவாக வைத்து அசையும் பொம்மைகளோடு ஜன்னல் அமைத்தது. பாரிஸ்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜன்னல் என்றாலே பொம்மை ஆட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் காலத்திலேயே வேர்விட்டது. இன்று அதைப் பார்க்க போல்வார் ஓஸ்மான் என்ற சாலைக்குப் போக வேண்டும். காலரி லஃபாயெத், பிரான்தாம் என்ற இரண்டு பெரிய கடைகள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. மெட்ரோவில் ஷோஸே தான்தான் லஃபாயெத்தில் இறங்கி ஆவ்ர் கோமார்தானில் ஏறினால் இரண்டும் முடிந்தது. ஒன்றரை மணி நேரம் தாராளம்.

பொம்மைகள் பெரும்பாலும் பொம்மலாட்ட முறையில்தான் இயங்குகின்றன. மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் மோட்டார்களும் நெம்புகோல்களும், அங்கிருந்து மெல்லிய நூல்கள். கண்ணாடியை ஒட்டி நின்று சற்று மேலே பார்த்தால், விளக்குப் படும் கோணத்தில் நூல் வெள்ளிக் கோடாக மின்னும். ஒரு நூல் தலையை, ஒரு நூல் முழங்கையை, மூன்றாவது முதுகை இழுக்கிறது. முதுகு நூல் இருப்பதால்தான் பொம்மை கையைத் தூக்கும்போது தோளும் சேர்ந்து சாய்கிறது. அது இல்லாத பொம்மை போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை மட்டும் வெட்டும். நல்ல ஜன்னலில் எல்லாப் பொம்மையும் ஒரே தாளத்தில் ஆடாது. ஒன்று ஏழு வினாடிச் சுற்று, ஒன்று பதினொன்று என்று வேகத்தை மாற்றி வைத்தால் ஒரே காட்சி திரும்ப வருவதுபோலத் தோன்றாமல் நீண்ட நேரம் ஓடும். எல்லாம் சேர்ந்து நின்று சேர்ந்து தொடங்கினால் ஒரு நிமிடத்தில் அலுத்துவிடும்.

இந்த ஊரில் மற்ற நகரங்கள் காப்பியடிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜன்னல்களுக்கு முன்னால் குழந்தைகள் ஏறி நிற்கத் தாழ்வான மரமேடை போட்டிருப்பார்கள். பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால், தோளில் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் கைரேகை மட்டும் மேடை உயரத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும். கடைகளின் முகப்புக் கூரை நடைபாதை மேல் நீண்டிருப்பதால் மழையிலும் பார்க்கலாம், பகல் வெளிச்சமும் கொஞ்சம் மட்டுப்படும். தவிர்க்க வேண்டிய நேரம் வார இறுதி மட்டுமல்ல, புதன் பிற்பகலும்தான். பாரிஸின் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதன் மதியம் விடுமுறை, தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு இங்கேதான் இருப்பார்கள். செவ்வாய் அல்லது வியாழன் இரவு எட்டரைக்கு மேல் போங்கள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் ஜேப்படிக்காரர்களுக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. பை முன்னால் இருக்கட்டும், போன் பின்பாக்கெட்டில் வேண்டாம்.

காலரி லஃபாயெத்தின் உள்ளே 1912ல் கட்டிய, 43 மீட்டர் உயரக் கண்ணாடிக் குவிமாடம். அதன் கீழ் தொங்கும் மரத்தைத் தரைத்தளத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, மரத்தின் அடிவயிறுதான் தெரியும். மூன்றாம் தளத்துக்கு மேல் உள்பால்கனி கைப்பிடியில் இடம் பிடித்தால் மரம் கண் மட்டத்துக்கு வரும், பின்னணியில் குவிமாடத்தின் வண்ணக் கண்ணாடியும் சேரும். குறிப்பிட்ட இடைவெளியில் விளக்கும் இசையுமாக ஒரு சின்னக் காட்சி நடக்கும், அதற்காகக் காத்திருக்கலாம். மொட்டைமாடிக்கும் கட்டணமில்லை. வானிலை மோசமானால் மூடிவிடுவார்கள்.

மதிப்பெண்ணைக் குறைக்க வைப்பது ஒன்றுதான். பெரிய பிராண்டுகள் ஜன்னலை எடுத்துக்கொள்ளும் வருடங்களில் பொம்மையின் கையில் கைப்பை வந்துவிடுகிறது. பொம்மை அருமையாக ஆடும், கைப்பையும் சேர்ந்து ஆடும். நம் அளவுகோலில் அது ஒரு படி கீழே.

லண்டன்

லண்டனில் ஜன்னலைவிடத் தெரு அழகு.

செல்ஃப்ரிட்ஜஸ் 1909ல் திறந்தபோதே கடை மூடிய பிறகும் ஜன்னல் விளக்கை எரியவிட்டு, இரவு நடைக்கு வருபவர்களையும் பார்வையாளர்களாக்கியது. இன்றும் அதன் ஆக்ஸ்ஃபோர்டு தெரு ஜன்னல் வரிசை ஊரிலேயே நீளமானவற்றில் ஒன்று. மற்ற நகரங்களுக்கு முன்பே, சில வருடம் நவம்பர் பிறக்கும் முன்பே திரை விலகிவிடும். துணிச்சலான வேலை, நகைச்சுவை உண்டு, ஆனால் சரக்கும் கூடவே வரும். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் வரை ஒரு கிலோமீட்டர், திரும்பினால் லிபர்ட்டி கடை. பழைய போர்க்கப்பல்களின் மரத்தைக் கொண்டு 1924ல் எழுப்பிய அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டடத்துக்கு அலங்காரமே தேவையில்லை. அளவாகத்தான் செய்கிறார்கள், அதுதான் சரி.

ரீஜன்ட் தெருவில் 2016லிருந்து தலைக்கு மேல் பறக்கும் விளக்குத் தேவதைகளுக்காகவே லண்டன் வரலாம். நேரான தெருவில் அவை வெறும் வரிசை. பிக்காடிலி சர்க்கஸ் முனையில் தெரு வளையும் இடத்தில் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வருவதுபோலத் தெரியும். இன்னொரு வழி டபுள் டெக்கர் பஸ்ஸின் மேல்தளம், முன் சீட். இறக்கை நுனி கண்ணுக்கு நேராக வரும். டிராஃபிக் ஊர்ந்துதான் போகும், அன்றைக்கு அது லாபம். எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022ல் மின்சாரச் சிக்கனத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டு தெரு விளக்குகளைப் பிற்பகல் 3லிருந்து இரவு 11 வரை என்று குறைத்தார்கள். பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையிலும் அந்த வருடம் நள்ளிரவுக்கு முன்பே அணைந்தது. நியூயார்க்கில் சொன்ன விடியற்காலை உபாயம் இங்கே தெரு விளக்குகளுக்குச் செல்லாது.

பிக்காடிலியில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன். முகப்பையே, கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணும் அட்வென்ட் காலண்டராக மாற்றி ஜன்னல்களுக்கு எண் போடும் வருடங்களில், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்க்க வேண்டும். கூடவே 1964ல் வைத்த கடிகாரம்: மணி அடிக்கும்போது கடை நிறுவனர்கள் இருவரின் உருவமும் வெளியே வந்து ஒருவரையொருவர் வணங்கிவிட்டு உள்ளே போகும். மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே இடம் பிடித்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில் லண்டன் கறார். டிசம்பர் 25 அன்று ட்யூப் எனும் சுரங்க ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. நடக்கும் தூரத்தில் தங்கியிருந்தால் அன்றைக்கு ஊரே உங்களுடையது, இல்லாவிட்டால் அறையிலேயே இருக்க வேண்டியதுதான். 26ஆம் தேதி தள்ளுபடி விற்பனை தொடங்கும். பல கடைகளில் கிறிஸ்துமஸ் ஜன்னல் முந்தைய இரவோடு போய், சிவப்பில் 'சேல்' என்று எழுதிய தாள் வந்துவிடும். ஆகவே இங்கே ஜன்னலுக்குக் கடைசி நாள் 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்போர்ன் பற்றி இரண்டு வரி. பர்க் தெருவில் மையர் கடை 1956லிருந்து விடாமல் செய்யும் ஜன்னல்களில் பெரும்பாலும் ஒரு குழந்தைக் கதைதான் இருக்கும், விற்பனை வாடையே இல்லை. ஆனால் அங்கே டிசம்பர் கோடை, சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகும். இருட்டட்டும் என்று இருந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பகலிலேயே போய், கண்ணாடிக்கு அருகில் நின்று பார்ப்பதுதான் வழி.

படம் எடுக்க

போன் போதும், ஆனால் கண்ணாடியிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று எடுத்தால் உங்கள் முகம்தான் விழும். லென்ஸ் கண்ணாடியைத் தொடும்படி ஒட்டி, சுற்றிலும் உள்ளங்கையைக் குவித்து மறையுங்கள். காமிரா என்றால் லென்ஸைச் சுற்றி மாட்டும், மடங்கும் ரப்பர் ஹுட் வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. வெளிர் நிற ஜாக்கெட் வேண்டாம், கறுப்பு உடுத்தினால் பிரதிபலிப்பு பாதி குறையும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.

லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற பிரதிபலிப்புக் குறைக்கும் ஃபில்டரை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. நேர் எதிரே நின்றால் அது ஒன்றும் செய்யாது. நேர்கோட்டிலிருந்து ஐம்பத்தைந்து டிகிரி அளவுக்குப் பக்கவாட்டில் போனால்தான் பிரதிபலிப்பை வெட்டும், அந்தக் கோணத்தில் ஜன்னலின் அமைப்பு குலைந்துவிடும். தள்ளி நின்று முழு ஜன்னலும் வேண்டுமென்றால், எதிரே ஒரு பஸ்ஸோ இருண்ட வேனோ வந்து நிற்கும் வரை காத்திருங்கள். அதன் நிழல் எதிர் விளக்குகளை மறைக்கும் அந்த அரை நிமிடம் போலரைசரைவிட நன்றாக வேலை செய்யும்.

கறுப்புப் பின்னணி ஜன்னலில் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி, சீரியல் லைட்டுகளை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு படி குறையுங்கள். பஞ்சும் பனியுமாக வெள்ளை ஜன்னலில் நேரெதிர்: பனி சாம்பலாகும், முக்கால் படி கூட்டுங்கள். வீடியோவில் பட்டைப் பட்டையாக ஓடினால் அது விளக்கின் துடிப்பு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/60 அல்லது 1/120ல் வையுங்கள். ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ், 1/50 அல்லது 1/100.

குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். காமிராவோடு சூடான கடைக்குள் நுழைந்தால் லென்ஸில் பனித்து, கால் மணி நேரம் ஒன்றும் எடுக்க முடியாது. நுழையும் முன்பே ஜிப் பையில் போட்டு மூடிவிட்டால் ஈரம் பையின் மேல் படியும். காலுக்குத் தடித்த அடி உள்ள ஷூ அவசியம். நடக்கும்போது தெரியாது, ஒரே ஜன்னல் முன்னால் இருபது நிமிடம் நிற்கும்போது நடைபாதைக் குளிர் உள்ளங்கால் வழியாக ஏறும். ஒரு துண்டு மைக்ரோஃபைபர் துணியும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியில் மற்றவர்களின் மூக்குத் தடத்தைத் துடைக்க.

நாள் தவறி, திரை விலகுவதற்கு முந்தைய வாரம் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று உண்டு. ஜன்னல்களைத் தாளோ துணியோ போட்டு மூடியிருப்பார்கள். ஓரங்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள். எங்காவது இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டு விட்டிருக்கும், அதற்குள் ஏணிமேல் ஒருவர், வாயில் குண்டூசிகளோடு, இன்னும் தலை பொருத்தாத மான் ஒன்றுக்குக் கழுத்து ரோமம் ஒட்டிக்கொண்டிருப்பார்.